புயல் வரும்போது "கிளம்பலாம்" என்று சொல்வது யார்?

(பருவமழைக்கு முன் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் வங்கிக் கடன் பற்றிப் பேசப் போவதில்லை. உள்கடன் நிலுவை பற்றியும் கேட்க மாட்டேன், பயப்படாதீங்க. ஐப்பசி பிறக்கப் போகிறது. நம்ம கடற்கரைப் பக்கத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் வானத்தைப் பார்த்துக்கொண்டே கழிகிற மாதங்கள். அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். "புயல் வருது, வீட்டை விட்டுக் கிளம்புங்க" என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். உங்கள் வீட்டில் "சரி, கிளம்பலாம்" என்று சொல்வது யார்?

கை தூக்கச் சொன்னால் பாதிப் பேர் "அவங்கதான்" என்பீர்கள். மீதிப் பேர் "மாமியார்" என்பீர்கள். "நான்தான் சொல்வேன்" என்று நாலைந்து கை எழும்பினால் அதுவே அதிசயம். குழுவில் லட்சக்கணக்கில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டத் தெரிகிறது. மேனேஜர் எதிரில் உட்கார்ந்து பேசத் தெரிகிறது. ஆனால் புயல் ராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு மட்டும் இன்னொருவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

கஜா புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 நவம்பர் 15 இரவு தொடங்கி 16 அதிகாலைக்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே பல மாவட்டங்களில் 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். இல்லையென்றால் சாவு எத்தனையோ மடங்கு ஆகியிருக்கும். நான் அப்போது களப்பணியாளராக இருந்தேன். மறுநாள் ஒரு உறுப்பினர் வீட்டுக்குப் போனோம். கூரை வீடு, மண் சுவர். தினமும் அவரும் இரண்டு பிள்ளைகளும் பாய் விரித்துப் படுக்கிற இடத்தில் அந்தச் சுவர் விழுந்து கிடந்தது. நல்லவேளை, மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஆனால் அவர் அங்கே போய்ச் சேர்ந்தது எப்போது தெரியுமா? இரவு ஒன்பது மணிக்கு மேல், காற்று ஆரம்பித்து, முருங்கை மரமெல்லாம் முறிந்து விழுகிற நேரத்தில். பகல் முழுக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை, போன் போகவில்லை. "அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்காம எப்படிங்க வீட்டைப் பூட்டிட்டுப் போறது?" என்றார்.

இது அந்த ஒருவருடைய கதை இல்லை. வங்கதேசத்தில் 1991 ஏப்ரல் 29 இரவு அடித்த புயலில் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்தார்கள். பிறகு பாதிக்கப்பட்ட பகுதியில் கணக்கெடுத்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. 20 வயதிலிருந்து 44 வயது வரை உள்ளவர்களில், ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் இறந்திருந்தார்கள் என்றால் ஆயிரம் பெண்களுக்கு 71 பேர் இறந்திருந்தார்கள். உடம்பில் தெம்பு உள்ள வயது, கைப்பிள்ளையோடு இருக்கிற வயது. ஏன் இத்தனை பேர்? வீட்டு ஆண் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். பிள்ளைகளையும் ஆடு மாட்டையும் விட்டு நகர முடியவில்லை. அந்நிய ஆண்கள் கூட்டமாக இருக்கிற இடத்துக்குப் போக வெட்கம். தண்ணீர் வந்த பிறகு ஓடினால் சேலை காலைச் சுற்றுகிறது, பிரிந்த கூந்தல் முள்ளில் சிக்குகிறது. அதனால்தான் சொல்கிறேன், கிளம்புகிற அன்றைக்கு சுடிதார் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், முடியை இறுக்கிக் கொண்டை போடுங்கள். யார் என்ன சொல்வார்களோ என்று அன்றைக்கு ஒருநாள் பார்க்காதீங்க.

அந்த நாடு அதிலிருந்து பாடம் படித்துக்கொண்டது. எச்சரிக்கை சொல்ல ஆண்களோடு பெண் தொண்டர்களும் வீடு வீடாகப் போனார்கள். புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் பெருகின. கால்நடைகளைக் கொண்டுபோய் நிறுத்த மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடுகள்கூட அங்கே உண்டு. 2007ல் சித்ர் என்ற பெரும்புயல் வந்தபோது இறந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். அதுவும் பெரிய துக்கம்தான். ஆனால் 1,40,000 எங்கே, மூவாயிரம் எங்கே? நம்ம நாட்டிலும் ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் போனார்கள். 2013ல் பைலின் புயல் வருவதற்குள் ஒடிசாவிலும் ஆந்திராவிலும் சேர்த்துப் பத்து லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். உயிரிழப்பு நூற்றுக்குள் அடங்கியது. காற்று இளகிவிடவில்லை. ஜனங்கள் நேரத்தோடு கிளம்பினார்கள், அவ்வளவுதான்.

நம்ம ஊரில் கிளம்பாததற்குச் சொல்கிற காரணங்களுக்கு வருவோம். எதையும் நான் கேலி செய்யப் போவதில்லை, எல்லாமே நியாயமான காரணங்கள்தான்.

முதல் காரணம் ஆடு. ஒரு பெரியம்மா கஜா அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு யாரிடமும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். எட்டு ஆடு கொட்டகையில் கட்டிக் கிடக்கிறதே என்று. திரும்பி வர முடியாமல் மோட்டார் கொட்டகையில் ஆடுகளோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். இதோ இரண்டாவது வரிசையில் இருந்து சிரிக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். அவரை எப்படிக் குறை சொல்வது? அந்த எட்டு ஆடு குழுக் கடனில் வாங்கியது. ஆடு போனாலும் தவணை போகாதே! அமெரிக்காவில் 2005ல் கத்ரீனா புயல் வந்தபோதும் இதே கதைதான். புயலை அங்கே ஹரிகேன் என்பார்கள். கார் இல்லாத ஏழை ஜனங்கள் கிளம்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள் என்றால், வளர்த்த நாயை விட்டு வர மனசில்லாமல் தங்கினவர்களும் உண்டு. மறு வருஷமே, ஜனங்களை அப்புறப்படுத்தும் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் போட்டார்கள். நாய்க்கே சட்டம் என்றால் நம்ம ஆட்டுக்கு ஒரு மேட்டு இடம் பார்க்கக் கூடாதா? ஊரில் மேடான இடம் எது, யார் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கட்டலாம் என்று இப்போதே பேசி வையுங்கள். கொண்டுபோக முடியாத மாட்டைக் கட்டிப் போட்டுவிட்டு வராதீர்கள். கயிற்றை அவிழ்த்து விட்டால் அது மேடு பார்த்துப் போய்விடும். கட்டிக் கிடந்தால் சாவுதான்.

அடுத்தது, "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க, ஒண்ணும் வரலையே". 2016 டிசம்பரில் நாடா புயல் என்று பயமுறுத்தினார்கள், அது வலுவிழந்து காரைக்கால் பக்கம் சும்மா கடந்து போனது. அதை மனசில் வைத்து 2018லும் பலர் அசையாமல் இருந்தார்கள். புயல் டவுன் பஸ் இல்லை, இந்த ஸ்டாப்பில் இத்தனை மணிக்கு என்று சொல்வதற்கு. கஜாவுக்கே முதலில் வடக்குக் கரை என்றார்கள், பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே என்றார்கள், கடைசியில் நம் தலைமேல் வந்து இறங்கியது. ஒரு ராத்திரி பள்ளிக்கூடத்தில் படுத்துவிட்டுக் காலையில் ஒன்றும் ஆகாத வீட்டுக்குத் திரும்பினால் என்ன நஷ்டம்? ஒருநாள் கூலி, கொஞ்சம் அலைச்சல். அதை நான் சின்னதாகச் சொல்லவில்லை. ஆனாலும் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நீங்கள், போட்டுப் பாருங்கள்.

கடலுக்கு நாலைந்து மைல் தள்ளி இருக்கிறவர்களும் "நமக்கென்ன" என்று இருந்துவிடுகிறார்கள். கடல் உள்ளே வருவது ஒரு ஆபத்து. 1964ல் தனுஷ்கோடியை அழித்ததும், 1977 நவம்பரில் ஆந்திராவின் திவிசீமாவில் ஆயிரமாயிரம் பேரைக் கொண்டுபோனதும் கடல் தண்ணீர்தான். ஆனால் கஜாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை வரைக்கும் உள்ளே போய் உயிர் எடுத்தது காற்று. சுவர் விழுந்தும் மரம் விழுந்தும் போன உயிர்கள் அவை. கூரை வீடு, ஓட்டு வீடு, விரிசல் விட்ட பழைய தொகுப்பு வீடு என்றால் கடல் எவ்வளவு தூரம் என்று அளக்காதீர்கள்.

முகாமைப் பற்றி உண்மையைப் பேசிவிடுவோம். வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு அங்கே எப்படிப் படுப்பது என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். சரியான கேள்வி. ஒரு பள்ளிக்கூடத்தில் கழிப்பறைச் சாவி யாரிடம் என்றே தெரியவில்லை. இருட்டும் வரைக்கும் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். இன்னொரு இடத்தில், எந்தத் தெருக்காரர் எந்த அறையில் என்று புயல் வாசலில் நிற்கும்போது தகராறு. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல? நம் கூட்டமைப்பில் எல்லாத் தெருப் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து டீ குடிக்கிறோம். முகாமில் அதைச் செய்துகாட்ட நம்மால்தான் முடியும். ஒரு வகுப்பறை பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மட்டும். கழிப்பறைச் சாவி ஒரு ஊக்குநர் கையில். டார்ச் லைட், நாப்கின், குடிதண்ணீர். இதைப் புயல் அன்றைக்குக் கேட்டால் வி.ஏ.ஓ.வுக்கும் தலைமையாசிரியருக்கும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த மாதமே மனு எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். மனு எழுத உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

படுத்த படுக்கையாக மாமியார் இருக்கிறார், எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்றும் கேட்பீர்கள். ஆட்டோவுக்கான பணத்தைக் குழுப் பொது நிதியிலிருந்து கொடுக்கலாம் என்று இப்போதே தீர்மானம் போடுங்கள். யார் வீட்டில் நடக்க முடியாதவர், யார் நிறைமாதம், யார் சுகர் மாத்திரை சாப்பிடுகிறார் என்று தீர்மானப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நேரத்துக்கு வருகிறேன். எச்சரிக்கை 48 மணி நேரத்துக்கு முன்பே வரும், அடுத்தது 24 மணி நேரத்துக்கு முன் வரும். முதல் எச்சரிக்கையில் ஆடும் படுக்கையில் உள்ளவர்களும் போய்விட வேண்டும். இரண்டாவதில் மற்ற எல்லாரும். கடைசிக் கூண்டு ஏற்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்தக் கூண்டு கப்பலுக்கு. சாயங்காலம் நாலு மணிக்குள், வெளிச்சம் இருக்கும்போதே கதவைப் பூட்டிவிடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், அடகுச் சீட்டு, குழு நோட்டு எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். கிளம்பும் முன் வீட்டை நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வீட்டில் இல்லாவிட்டால் நிவாரணக் கணக்கில் விட்டுவிடுவார்களோ என்கிற பயத்துக்கு அது ஒரு மருந்து. சந்தேகம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

இன்னொன்று, நடு ராத்திரியில் காற்று சட்டென்று நின்று அமைதியானால் "விட்டுடுச்சு" என்று வீட்டைப் பார்க்க ஓடாதீர்கள். அது புயலின் கண். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட சுவரும் மரமும் அப்போதுதான் சாயும்.

முதலில் கேட்ட கேள்விக்கு நான் சொல்கிற வழி இதுதான். முடிவை அன்றைக்கு எடுக்காதீர்கள். இன்றைக்கே குழுவாக எடுங்கள். "24 மணி நேர எச்சரிக்கை வந்ததும் ஊக்குநர் வந்து கூப்பிடுவார், எல்லா உறுப்பினரும் பிள்ளைகளோடு கிளம்புவோம், யாரையும் கேட்கக் காத்திருக்க மாட்டோம்" என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இன்று இரவு வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம், வெளியூரில் இருந்தால் போனில், சண்டை இல்லாமல் சொல்லிவிடுங்கள். "குழுவில் முடிவு பண்ணிட்டோம்" என்றால் வீட்டில் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. கடன் விஷயத்தில் பார்த்திருக்கிறோமே.

இப்போது குழு வாரியாக வட்டமாக உட்காருங்கள். ஆளுக்கொரு சார்ட் பேப்பர் கேட்காதீங்க, குழுவுக்கு ஒன்றுதான். உங்கள் தெருவை வரைந்து, கூரை வீடு எது, மாடி வீடு எது, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் தண்ணீர் நிற்கிற இடம் எது என்று குறியுங்கள். ஆடு எத்தனை என்பதையும் எழுதுங்கள். சாப்பாடு ஒரு மணிக்கு வரும்.