ஆறு பிறக்கிற ஊர்ல தண்ணிக்கு வரிசை

போன வாரம் எபிசோட் வரல, மன்னிச்சிருங்க. மஸ்கெலியாவுல எங்க அப்பாயி வீட்டுக்குப் போயிருந்தேன். அதனால இன்னைக்கு கோடிங் கதை கிடையாது. ஆறுகளைப் பற்றிப் பேசுவோம்.

இலங்கையில் 103 ஆற்றுப் படுகைகள் இருக்கு. ஒரு மேப்பை எடுத்து, பெரிய ஆறுகளைக் கடல்ல இருந்து மேல் நோக்கி விரலால தடவிப் பாருங்க. கொழும்பில் களனி கங்கை, களுத்துறையில் களு கங்கை, தெற்கே அம்பலாந்தோட்டையில் வளவை கங்கை, கிழக்கே கொட்டியாரக் குடாவில் மகாவலி. கடல்ல சேர்ற இடம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பக்கம். ஆனா மேல போகப் போக, எல்லாமே மத்திய மலைநாட்டுக்குத்தான் வந்து நிற்கும். வண்டிச் சக்கரத்தோட ஆரக்கால் மாதிரி.

ஹட்டன் பக்கத்து மலைமுகட்டுல நின்னா இது நல்லா விளங்கும். ஒரு பக்கம் விழுற மழை டிக்கோயா வழியா இறங்கி, 145 கிலோமீட்டர் நீளமான களனியில் சேர்ந்து மேற்குக் கடலுக்குப் போகுது. மறுபக்கம் விழுற மழை கொத்மலை ஓயா வழியா மகாவலியில் சேர்ந்து, கண்டியைச் சுற்றி, உலர் வலயத்தைத் தாண்டி கிழக்குக் கடலுக்குப் போகுது. மகாவலியோட நீளம் 335 கிலோமீட்டர். நாட்டிலேயே நீளமான ஆறு அதுதான். நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அதன் படுகை.

எங்க வேலையில 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு சொல்லுவோம். ஒரு இடம் விழுந்தா மொத்த சிஸ்டமும் விழும். இந்தத் தீவோட பெரிய ஆறுகளுக்கு அந்த ஒரு இடம், மலை.

இப்ப அப்பாயி கதைக்கு வாறேன். அவங்க பார்த்து வளர்ந்த பழைய மஸ்கெலியா டவுன் இப்ப தண்ணிக்குள்ள இருக்கு. 1960-களின் கடைசியில் மவுஸ்ஸாகலை அணை கட்டினப்போ மூழ்கிப் போச்சு. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினா பழைய கோயில் வெளியே தெரியும். அப்பாயி கரையில நின்னு, "அந்தா, அங்கதான் எங்க கடைத்தெரு"ன்னு கை காட்டுவாங்க.

அந்தத் தண்ணி கெனியன், நியூ லக்சபான, பொல்பிட்டிய மின் நிலையங்களை ஓட்டிட்டு களனியில் சேருது. கீழே அம்பத்தலையில் அதை எடுத்து, சுத்தம் செய்து, பம்ப் பண்ணி கொழும்புக்கு அனுப்புறாங்க. என் அபார்ட்மென்ட் குழாய்ல வர்றது அதுதான்.

அப்பாயி லயத்துல குழாய் இல்ல. மேல இருக்கிற ஊற்றுல இருந்து ஹோஸ் பைப் போட்டு இறக்கின பீலி ஒண்ணு. அதுக்குப் பதினாலு குடும்பம். மாசி, பங்குனியில ஊற்று நூலா வடியும். விடியக்காலை நாலு மணிக்கே குடங்கள் வரிசையில. இந்தத் தடவை நானும் ரெண்டு குடத்தோட நின்னேன். எதிரே, கண்ணுக்கு முன்னால, அவ்வளவு பெரிய நீர்த்தேக்கம்.

"என்ன அப்பாயி, இவ்வளவு தண்ணி இருந்தும் இப்படியா?"ன்னு கேட்டேன்.

"அது கீழ இருக்கு ராசா. தண்ணி மேல ஏறி வருமா?"

வரும். பம்ப் வைச்சா வரும். கொழும்புல நான் இருக்கிறது ஏழாம் மாடி. அங்க ஏறுதே! இதுல பூமியோட சரிவு மேல குற்றம் சொல்ல முடியாது. யாருக்கு பம்ப் வைக்கிறோம், யாருக்கு வைக்கல என்கிறதுதான் விஷயம்.

திரும்பி வந்த அன்றைக்கு ராத்திரி குழாயைத் திறந்துட்டு, கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்னேன். அப்புறம் மூடினேன்.

உங்க வீட்டுத் தண்ணி எந்த ஆற்றில் இருந்து வருதுன்னு தேடிப் பாருங்க. அந்த ஆறு பிறக்கிற ஊர்ல குழாய் இருக்கான்னும் பாருங்க. தெரிஞ்சதை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன். சந்திப்போம்.