“சீட் கிடைச்சுதா?” என்று கேட்பதற்கு முன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

“ரிசல்ட் சீசன் வருது டீச்சர், பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு ஏதாவது சொல்லுங்க” என்று செயலாளர் கேட்டார். 27 வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று எத்தனையோ பெற்றோருக்கு யோசனை சொல்லியிருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளை என்று வந்தபோது நானே தப்புச் செய்தேன். இன்று அதைத்தான் சொல்லப் போகிறேன்.

2024-ஆம் வருஷம். என் சின்ன மகள் பிளஸ் டூ. பரீட்சை ரிசல்ட்டே வரவில்லை, அதற்குள் வெளியூர்த் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கடிதம். இடம் ஒதுக்கியாகிவிட்டது, ஏழு நாளில் ஒரு லட்சம் கட்டினால் உறுதி, இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று. ஏழு நாள் என்றதும் கை நடுங்கிவிட்டது. சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தைக் கட்டினேன். பிறகு சரிபார்க்க வேண்டும் என்று ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டார்கள். அதையும் கொடுத்தேன். பணம் கட்டியதையாவது பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். ஒரிஜினலைக் கொடுத்ததற்கு எந்தச் சாக்கும் இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன் சொல்வான்: அங்கே முன்கூட்டியே முடிவு கேட்கும் பிள்ளைகள் நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பித்தால் டிசம்பர் நடுவில் பதில் வந்துவிடுமாம். கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும் என்ற நிபந்தனையோடு. நமக்கு முன்கூட்டியே வருவது பணம் கட்டச் சொல்லும் கடிதம் மட்டும்தான். முடிவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சங்கதி. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அங்கே இருக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுக் கலந்தாய்வு, போலகத்துப் பிள்ளைக்குப் புதுச்சேரியின் சென்டாக். நாகூரில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது, இவளுக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று தாத்தா பாட்டி கேட்பார்கள். இரண்டும் வேறு வேறு வரிசை, வேறு வேறு தேதி என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் நமக்கே மூச்சு முட்டும்.

அந்த வருஷம் மே 5 ஞாயிற்றுக்கிழமை நீட். மறுநாள் திங்கள்கிழமை பிளஸ் டூ ரிசல்ட். என் மகள் கேட்டது பி.எஸ்சி. விவசாயம். நீட் எழுதவில்லை. ஆனாலும் நீட் அவளைக் காக்க வைத்தது. எப்படி என்று கேளுங்கள். விவசாயத்தில் இடம் பிடித்தவர்களில் பலர் நீட்டும் எழுதியிருப்பார்கள். மருத்துவமோ பல் மருத்துவமோ கிடைத்தால் இந்த இடத்தை விட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் நகர்ந்தால்தான் கீழே இருப்பவர்களுக்கு வழி. அந்த வருஷமோ நீட் ரிசல்ட் ஜூன் 4-ஆம் தேதி, தேர்தல் வாக்கு எண்ணிக்கை அன்றே வந்தது. 67 பேர் 720-க்கு 720. கருணை மதிப்பெண் விவகாரம், 1,563 பேருக்கு மறுதேர்வு வாய்ப்பு, வழக்கு. உச்ச நீதிமன்றம் தேர்வை ரத்து செய்ய முடியாது என்று சொன்னது ஜூலை 23. திருத்திய ரிசல்ட் ஜூலை 26. அகில இந்தியக் கலந்தாய்வு தொடங்கவே ஆகஸ்ட் 14 ஆகிவிட்டது. டெல்லியில் வழக்கு நடக்க, போலகத்தில் என் மகள் ராத்திரி ஒரு மணிக்குச் செல்போனில் சென்டாக் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் நம் குடியிருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். லிஃப்டில், தண்ணீர் கேன் எடுக்கும் இடத்தில், கோயிலில், எங்கே பார்த்தாலும் “சீட் கிடைச்சுதா?” அன்பாகத்தான் கேட்டீர்கள். நானும் 27 வருஷமாக மற்றவர் பிள்ளைகளிடம் அதையேதான் கேட்டிருக்கிறேன். ஆனால் அவள் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்க ஆரம்பித்தாள். அப்புறம் இறங்குவதே இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது, “அம்மா, நீங்க பணம் கட்டின காலேஜுக்கே போயிடறேன். உங்களுக்காவது நிம்மதியா இருக்கும்” என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய படிப்பைப் பற்றிய கவலை என் முகத்தைப் பற்றிய கவலையாக எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து ராத்திரி ஒன்பதுக்கு மேல் இரண்டு பேர் போனும் அலமாரியில். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்ப்பது, அவ்வளவுதான். அப்படியும் தூங்க முடியாத பிள்ளைகள் இருந்தால் 14416-க்குப் பேசச் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ். இலவசம், தமிழிலும் பேசலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசிச் சுற்றில் அவளுக்குச் செருமாவிலங்கையில் இருக்கும் நேரு வேளாண் கல்லூரியில் இடம் வந்தது. சேர ஒரிஜினல் வேண்டும். அங்கே கேட்டால், ரத்து விண்ணப்பம் கொடுங்கள், பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். அப்போதுதான் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியை உட்கார்ந்து படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். ஒரிஜினலைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. 2024-25-க்கு, செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணமும் திரும்பத் தர வேண்டும், அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொள்ளலாம். இந்தத் தேதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், அந்தந்த வருஷத்து அறிவிப்பைப் பாருங்கள். அச்செடுத்த தாளோடு விடிகாலை பஸ் பிடித்து நேரில் போய் நின்றேன். மாலையில் சான்றிதழ்களோடு திரும்பினேன். பணம் வர இரண்டு மாதம் ஆனது. தர மறுத்தால் மானியக் குழுவின் இ-சமாதான் இணையதளத்தில் புகார் பதியலாம்.

இன்னொன்று, வெளியூர் விளம்பரத் தாள்களைப் பார்த்து மயங்கும் முன் நம் மாவட்டத்தை ஒருமுறை பாருங்கள். திருவேட்டக்குடி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் சொந்த மாநில ஒதுக்கீடு. சென்டாக் மருத்துவ இடங்களில் காரைக்கால் பகுதிக்கு 18 சதவீதம் உண்டு. காரைக்கால் ஜிப்மரில் 2016-லிருந்து எம்.பி.பி.எஸ். நடக்கிறது, அதற்கு மத்தியக் கலந்தாய்வு. எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்லவில்லை. விண்ணப்பிக்காமலே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

என் மகள் இப்போது இரண்டாம் ஆண்டு. காலை பஸ்ஸுக்கு ஓடுவதை நீங்களே பார்க்கிறீர்கள்.

இந்த வருஷம் நம் குடியிருப்பில் காத்திருக்கப்போகும் பிள்ளைகளைப் பார்த்தால் “சாப்பிட்டியா?” என்று கேளுங்கள், சீட் விஷயத்தை அவர்களாகச் சொல்லட்டும். விண்ணப்பம், கட்டணம், விதி எதில் சந்தேகம் இருந்தாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வரும்போது ஒரிஜினலைக் கொண்டு வராதீர்கள், ஜெராக்ஸ் போதும்.