கொசுவுக்கும் கடிகாரம் உண்டு
(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ராத்திரி வலை கட்டித்தானே படுக்கிறோம், டெங்கு எப்படி வருது?" என்று கேட்கிறீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும், பொழுது சாயும் முன்பும் அதிகம் கடிக்கும். பிள்ளைகள் பள்ளி வேனுக்கு நிற்பதும், கீழே விளையாடுவதும் அந்த நேரத்தில்தான்.

யானைக்கால் நோய் நேர்மாறு. அதன் நுண்புழுக்கள் பகலில் நுரையீரலில் பதுங்கி, இரவில் தோலோர ரத்தத்துக்கு வரும். சீனாவில் பணியாற்றிய மருத்துவர் பேட்ரிக் மேன்சன் 1870-களில் இந்த இரவு வருகையைக் கண்டறிந்தார். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவில். அதனால்தான் ரத்தப் பரிசோதனைக்கு இரவில் வருகிறார்கள். பூட்டுக்குப் பேர்போன ஊர்தான் நமது. ஆனாலும் அடையாள அட்டையைப் பார்த்துக் கதவைத் திறங்கள்.

உயிர்களுக்குள் ஓடும் இந்தக் கடிகாரத்தைப் பக்கத்து மதுரையிலேயே, காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் வௌவால்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

நம் ஊரில் தண்ணீர் பிடித்து வைக்காமல் முடியாது. டிரம்மை மூடுங்கள், வாரம் ஒருமுறை உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். குழந்தையின் பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள்.