கழுத்துக் கருமை

பெண்ணின் பின்கழுத்தில் கருமை படர்ந்தால், "அழுக்கு, நல்லா தேய்ச்சுக் குளி" என்று கடிந்துகொள்கிறோம். தேய்த்தால் அது போகாது. பல நேரம் ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம் அது.

பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பைக் கோளாறு உள்ள பெண்கள் பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. கணையம் மேலும் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போகிறது, முகத்தில் முடி வளர்கிறது. 1921-லேயே பிரெஞ்சு மருத்துவர்கள் அஷார், தியேர் இருவரும் பெண்ணின் முகரோமத்தையும் சர்க்கரை நோயையும் சேர்த்து எழுதினார்கள்.

ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது. எடையை மட்டும் பார்த்து அவர்களை அனுப்பிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை சரியாக இருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையில் கோளாறு தெரியலாம். டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.