சொரியாசிஸ்: அறிந்தால் அச்சமில்லை

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)



சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்று வழங்கும் சொரியாசிஸ் நோயைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விழைகின்றேன். முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இது: சொரியாசிஸ் தொற்றுநோய் அன்று. தொடுவதாலோ, உடன் அமர்ந்து உண்பதாலோ பரவாது. தூய்மைக் குறைவால் வருவதும் அன்று.

நம் தோலின் மேலடுக்கு ஏறத்தாழ ஒரு திங்களில் புதுப்பிக்கப்படுகின்றது. நோய் எதிர்ப்பாற்றல் நெறி தவறித் தூண்டப்படும்போது, அப்பணி ஒரு வாரத்திற்குள் நிகழ்ந்துவிடுகின்றது. முதிராத செல்கள் குவிந்து, தடித்த தோலின்மீது வெள்ளிநிறச் செதில்களாக உதிர்கின்றன. முழங்கை, முழங்கால், தலை, கீழ்முதுகு ஆகிய இடங்களில் இது மிகுதி. நகங்களில் சிறு குழிகள் தோன்றலாம். சிலருக்கு மூட்டுகளும் பாதிக்கப்படும். காலையில் விரல்கள் விறைத்து வீங்கினால் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மரபுக்கூறு இதற்கு ஒரு காரணம். எனினும் நோயரின் மக்கள் அனைவருக்கும் இது வந்தே தீரும் என்பதில்லை. மனவழுத்தம், தொண்டைத் தொற்று, தோற்காயம், புகை, மது, குளிர்கால வறட்சி, சில மருந்துகள் ஆகியன நோயைத் தூண்டுகின்றன.

இதனை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் நன்கு கட்டுப்படுத்த இயலும். குளித்தபின் ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெயோ ஈரங்காக்கும் களிம்போ பூசுங்கள். செதில்களைப் பிய்த்தெடுக்காதீர்கள். நோயின் அளவுக்கேற்பக் களிம்பு, புற ஊதா ஒளிச் சிகிச்சை, மாத்திரை, ஊசி எனப் பல வழிகள் உள்ளன.

இரண்டு எச்சரிக்கைகள். ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக உட்கொண்டு திடீரென நிறுத்தினால், நோய் முன்னினும் கடுமையாகத் திரும்பும். மெத்தோடிரெக்சேட் மாத்திரை இந்நோய்க்கு வாரம் ஒரு நாள் மட்டுமே உண்ணத்தக்கது; நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஊறு நேரும். கருவுற்றோரும் கருவுற எண்ணுவோரும் அதனை உட்கொள்ளலாகாது.

நோன்பிருப்போரும், பொழுது சாய்ந்தபின் உண்ணாதோரும் தம் வழக்கத்தை மருத்துவரிடம் முன்னரே தெரிவித்தால், மருந்து வேளையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். நோன்பை முன்னிட்டு மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது.

இறுதியாக ஒன்று. 2014ஆம் ஆண்டில் உலகச் சுகாதாரப் பேரவை இந்நோய் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றி, நோயரை இழிவாகக் கருதும் போக்கைக் களையுமாறு நாடுகளை ஊக்கியது. அக்கடமை நம் இல்லங்களில் தொடங்க வேண்டும். திருமணம் தடைப்படுமோ என்று அஞ்சிப் பெண்ணின் நோயை மறைத்து, மருத்துவத்தையும் தள்ளிப்போடும் பெற்றோர் உளர். மறைப்பதால் நோய் தணிவதில்லை; உரிய காலத்து மருத்துவமே இழக்கப்படுகின்றது. பெண் கேட்டு வருவோரும் உண்மையைக் கேட்டறிந்து, நோயை நோயாக மட்டுமே கருத வேண்டும். பழவினை என்று பேசிப் புண்பட்ட உள்ளத்தை மேலும் புண்படுத்துவது அறமாகாது. பந்தியில் அவர் அருகே இலையிட்டு அமர்ந்து உண்பதே அவருக்கு நாம் செய்யத்தக்க முதல் உதவி.