கிளட்ச் இல்லாத கார்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஹைபிரிட் கார்னா பாதி பெட்ரோல், பாதி கரண்ட் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண ஹைபிரிட்டில் சார்ஜ் போட பிளக்கே கிடையாது. வரும் சக்தி முழுக்க பெட்ரோலில்தான். அப்புறம் எப்படி மிச்சமாகிறது? பிரேக் பிடிக்கும்போது சூடாகி வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை, மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரியில் சேர்க்கிறது. சிக்னலில் எஞ்சின் அணைந்துவிடும். ஆகவே நெரிசலில்தான் லாபம் அதிகம். நெடுஞ்சாலையில் அவ்வளவு இல்லை.

1997 டிசம்பரில் டொயோட்டா ஜப்பானில் விற்பனைக்கு விட்ட பிரியஸைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது, 'தியரி ஆஃப் மெஷின்ஸ்' வகுப்பில் நம்மைப் படாதபாடு படுத்திய அதே எபிசைக்ளிக் கியர்தான்! நடுப் பற்சக்கரத்தில் ஜெனரேட்டர், வெளி வளையத்தில் மோட்டாரும் சக்கரங்களும், இடையிலுள்ள தாங்கியில் எஞ்சின். ஜெனரேட்டரின் வேகத்தை மாற்றினாலே போதும், கியர் மாற்றியது போலாகிவிடும். கிளட்சே வேண்டாம்.

முழு மின்சாரக் காரில் எஞ்சினே இல்லை. அப்போ அம்பத்தூரிலும் கோவையிலும் எஞ்சின் பாகங்கள் செய்யும் பட்டறைகள்? நம் பழைய மாணவர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். ஹைபிரிட் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் என்பது என் கருத்து. ஆனால் மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், ஹைபிரிட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அவகாசம் நீளும் என்று நம்பி யாரும் புது லேத் வாங்கிவிட வேண்டாம்!

கியர் மாதிரி ஒன்று மேசைமேல் இருக்கிறது. மாணவர்கள் வந்து கையால் சுற்றிப் பார்க்கலாம்.