பழைய வர்ணத்தைக் களையும் முறை
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்திற்குரிய பிரசங்கம்)



மார்கழி பாதி கழிந்ததும் கிராமங்களில் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. சுவர் வெளுத்தவுடன் கதவும் ஜன்னலும் அழுக்காகத் தோன்றும். உடனே ஒரு டப்பா பச்சை வர்ணம் வாங்கி வந்து, இருக்கிற பூச்சின் மேலேயே இன்னொரு பூச்சுப் பூசிவிடுவது வழக்கம். பாட்டனார் காலத்தில் இரண்டு, தகப்பனார் காலத்தில் நான்கு என்று இவ்விதம் ஏறிய பூச்சு, மழைக்காலத்தில் கதவை நிலையோடு இறுக்கிவிடுகிறது. வெயிற்காலத்தில் செதில் செதிலாக உதிர்கிறது. அப்போதுதான் வீட்டுக்காரர் பழைய வர்ணத்தை அடியோடு எடுக்கவேண்டுமென்று எண்ணுகிறார். அரிவாளையோ உடைந்த கண்ணாடித் துண்டையோ எடுத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்து சுரண்டுகிறார். பக்கத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கும். உதிர்ந்த தூளை மாலையில் துடைப்பத்தால் கூட்டி எருக்குழியில் கொட்டிவிடுவார்கள்.

இந்தச் சாதாரண காரியத்தில் ஒரு விஷம் மறைந்திருக்கிறது. அது ஈயம். முற்காலத்து வெள்ளை வர்ணத்திற்கு ஆதாரமாயிருந்தது சபேதா என்னும் ஈயச் சரக்கு. மஞ்சள் வர்ணத்திலும், அம்மஞ்சளோடு நீலம் கலந்து ஆக்கிய பச்சையிலும் ஈயமும் குரோமியமும் சேர்ந்த சரக்கு உண்டு. ஜன்னல் கம்பிகளுக்குத் துருப் பிடியாதிருக்க அடியில் பூசிய சிவப்புப் பூச்சும் பெரும்பாலும் ஈயமே. வீட்டின் உட்புறப் பூச்சில் சபேதாவை விலக்கவேண்டுமென்று 1921-ஆம் ஆண்டிலேயே ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு உடன்படிக்கை செய்தது. இந்தியாவிலோ வீட்டு வர்ணங்களில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாதென்ற விதி 2016-இல் பிறந்து, 2017 நவம்பர் முதல் தேதி அமுலுக்கு வந்தது. ஆகவே அதற்கு முன் பூசிய எந்தப் பூச்சிலும் ஈயம் உண்டென்றே வைத்துக்கொண்டு வேலை செய்வது புத்திசாலித்தனம்.

மரத்தின்மேல் கெட்டியாக ஒட்டியிருக்கும் வரை அந்த ஈயத்தால் பெருங்கெடுதி இல்லை. தூளாகவும் புகையாகவும் மாறும்போதுதான் அது உடலில் நுழைகிறது. குழந்தை தரையில் தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கிறது. ஈயப் பூச்சின் செதில் சற்றே தித்திப்பாயிருப்பதால் சில குழந்தைகள் அதை விரும்பிச் சுவைப்பதும் உண்டு. வாய்வழி செல்லும் ஈயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கு பங்கைச் சிறு குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உணவு உண்ணும் குழந்தைக்கு இன்னும் அதிகம். இரத்தம் குன்றும், வயிற்றுவலியும் மலச்சிக்கலும் வரும், மூளையின் வளர்ச்சி தடைப்பட்டுப் படிப்பு ஏறாது. இந்தக் கடைசிக் கெடுதி வெளிக்குத் தெரியாமலே நேரும். "பையன் மந்தம், அவன் தலையெழுத்து" என்று பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள். கதவின்மேல் சந்தேகம் போகாது. இவ்வளவுக்குக் கீழ் இருந்தால் ஈயம் கெடுதி செய்யாது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் வைத்திய சாஸ்திரத்தில் ஏற்பட்டிலது. கர்ப்பிணிகளும் இவ்வேலை நடக்கும் இடத்தில் இருத்தலாகாது.

எருக்குழியிலும் மாட்டுத் தொழுவத்திலும் இத்தூளைக் கொட்டுவது மற்றொரு பிழை. கன்றுகள் கண்டதை நக்கும். பழைய பூச்சை நக்கி ஈய நஞ்சு ஏறிக் கண் தெரியாமல் தடுமாறி மாண்ட கால்நடைகள் பல தேசங்களிலும் உண்டு.

முதலில் முடிவு செய்யவேண்டியது, வர்ணத்தை எடுக்கத்தான் வேண்டுமா என்பது. பூச்சு உறுதியாயிருந்தால் சோப்பு நீரால் கழுவி, ஈர உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மேலே புதுப் பூச்சுப் பூசுவதே போதும். கதவு இறுகினாலும், பூச்சு உதிர்ந்தாலும், சித்திர வேலைப்பாடு வர்ணத்தால் மூடுண்டு கிடந்தாலும் மட்டுமே களையவேண்டும். கதவின் மேல்விளிம்பிலும் கீல் பதிந்த பள்ளத்திலும் பெரும்பாலும் வர்ணம் ஏறியிராது. அங்கே மரத்தின் ஜாதியைப் பார்க்கலாம். தேக்காயிருந்தால் எண்ணெய்ப் பசையும் தனி வாசனையும் காட்டிக்கொடுக்கும். செட்டிநாட்டுப் பக்கத்தில் பர்மாத் தேக்கினால் செய்த நிலைகளும் கதவுகளும் இன்றும் இருக்கின்றன. மற்ற ஊர்களிலும் பழைய வீடுகளில் நல்ல மரம் இல்லாமற் போகாது. வர்ணம் மூடிய கதவைப் பழைய சாமான் வியாபாரியிடம் விறகு விலைக்குத் தள்ளிவிட்டு, அதற்குப் பதில் புதுக்கதவு போட சங்கத்தில் கடன் மனுச் செய்வது குடித்தனத்துக்கு அழகல்ல. விற்கத்தான் வேண்டுமானால் மரம் இன்னதென்று தெரிந்தபின் விற்கலாம்.

களைவதென்று துணிந்தால், கதவைக் கீலிலிருந்து கழற்றிக் கிணற்றுக்கு எட்டத்தில் முற்றத்துக்கு வெளியே கொண்டுபோய், அடியில் பழைய தார்பாய் விரித்து வேலை செய்யவேண்டும். தெளிப்பானால் மரத்தை நனைத்துக்கொண்டு, கூர்மையான சுரண்டியால் மரத்தின் ரேகை போகும் திசையில் சுரண்டினால் தூள் பறவாது. காய்ந்த மரத்தை உப்புத்தாளால் தேய்ப்பதும், மின்சாரச் சக்கரத்தால் உராய்வதும் கூடவே கூடாது. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொள்வது வெறும் மனத்திருப்திக்கே; நுண்தூளைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும்.

ஊதுவிளக்கால் பொசுக்குவது சீக்கிரம் முடிகிற வேலை. ஆதலால் பலருக்கு அதில் ஆசை. அந்தச் சுவாலையில் ஈயம் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும். கூரை வீட்டுக்குப் பக்கத்தில் நெருப்புப் பயம் வேறு. மின்சார வெப்பக்காற்றுக் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, பூச்சு இளகியவுடன் தகட்டால் தூக்கி எடுக்கலாம். புகை கிளம்பினால் சூடு அதிகமென்று அறிந்து குறைக்கவேண்டும்.

சித்திர வேலை உள்ள இடங்களுக்குச் சலவைச் சோடாவும் நீற்றின சுண்ணாம்பும் நீரில் குழைத்த களிம்பு நெடுநாளாக வழக்கத்தில் உள்ளது. இரண்டும் கூடிக் காஸ்டிக் சோடா உண்டாகி, எண்ணெய்ப் பூச்சைச் சோப்பாக்கிவிடும். களிம்பைத் தடித்துப் பூசி, ஈரச் சாக்கால் மூடி, சில மணி நேரம் காயாமல் வைத்திருந்து வழித்தெடுக்கவேண்டும். இதில் மூன்று கஷ்டங்கள். தேக்கு கறுக்கும், அதைப் பல தண்ணீர் விட்டு அலம்பி, பிறகு நீர் கலந்த காடியால் துடைத்து, நிழலில் பல நாள் உலர்த்தவேண்டும். பலகை ஒட்டிய அலமாரிகளில் வஜ்ஜிரம் விட்டுப் பட்டைகள் கிளம்பும். ஆகையால் அவற்றுக்கு இது ஆகாது. கையும் கண்ணும் வெந்துபோகும். ரப்பர் உறையும் கண்ணாடியும் இன்றித் தொடலாகாது. கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, பின் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காஸ்டிக் சோடாவையே கடையில் வாங்குகிறவர்கள் தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடவேண்டுமே அன்றிச் சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரம் உதவாது. அரித்துத் தீப்பற்றும் வாயுவைக் கிளப்பும்.

டப்பாவில் விற்கும் மருந்துகளில் மெதிலீன் குளோரைடு கலந்தவை மிக வேகமாக வேலை செய்யும். மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்து வேலையிலேயே இறந்தவர்கள் பலர்; அதனாலேயே 2019-இல் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதைச் சில்லறையாக விற்பது தடுக்கப்பட்டது. டப்பாவின்மேல் அப்பெயர் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

வேலை முடிந்ததும் சுரண்டலையெல்லாம் ஈரத்தோடே கெட்டிப் பையில் கட்டி, வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல், அபாயக் குப்பையென்று சொல்லி உள்ளூர் சுகாதார ஊழியரிடம் ஒப்படைக்கவேண்டும். இடத்தை ஈரத்துணியால் துடைக்கவேண்டும். உடுத்திய துணியைத் தனியே துவைக்கவேண்டும். வர்ணம் பூசிய பழைய சட்டங்களை வெந்நீர் அடுப்பில் எரிக்கலாகாது. அந்தச் சாம்பலால் பாத்திரம் துலக்குகிற வீட்டில் ஈயம் சோற்றுத் தட்டுக்கே வந்து சேரும்.

ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே சுரண்டியும் வெப்பக்காற்றுக் கருவியும் வாங்குவது வீண். சங்கத்தின் பொதுநல நிதியில் ஒரு ஜோடி வாங்கிவைத்து, அங்கத்தினருக்குச் சொற்ப வாடகைக்குக் கொடுக்கலாம். முகக்கவசமும் கையுறையும் மாத்திரம் அவரவர் வாங்கிக்கொள்ளட்டும். வேலைக்கு ஏற்ற பருவம் பங்குனி, சித்திரை. பொங்கலுக்கு முந்தின வாரத்தில் தொடங்கினால் மரம் உலருமுன் பூசவேண்டிவரும். அப்பூச்சு அடுத்த மழைக்குள் கொப்புளிக்கும்.

வெறுமையான தேக்குக்கு வர்ணமே பூசாமல் ஆளிவிதை எண்ணெய் தேய்த்து விடுவோரும் உண்டு. எண்ணெய் தேய்த்த கந்தலைச் சுருட்டி மூலையில் எறியாமல், விரித்துக் கொடியில் உலர்த்தவேண்டும், அல்லது தண்ணீரில் ஊறப்போடவேண்டும். சுருட்டிய கந்தல் தானே சூடேறித் தீப்பற்றும்.